பள்ளிப் பிள்ளைகளின் உயிருக்கு யார் காவல்?

(ஜூலை 16ந் தேதியன்று கும்பகோணம் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் பெற்றோர்களும், ஆசிரியர்களும், சத்துணவு ஊழியர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நமது கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை.)



இன்று காலையில் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஓர் ஊர்வலம் நடத்தினார்கள். கையில் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு, “கை கழுவுவோம், நோயை விரட்டுவோம்” என்றும், “மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்” என்றும் கோஷமிட்டுக்கொண்டு தெருத் தெருவாக வந்தார்கள். பார்க்க மகிழ்ச்சியாக இருந்தது. ஊர்வலம் முடிந்து பள்ளிக்குத் திரும்பியதும், மூன்றாவது படிக்கும் ஒரு சிறு பெண் நம் பக்கத்தில் வந்து நின்றாள். “மாமா, கை கழுவணும்னு சொல்றாங்க. குழாயில தண்ணியே வரலியே?” என்று கேட்டாள்.

நம்மால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. மோட்டார் கெட்டு இருபது நாளாகிறது என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டோம். அந்தக் குழந்தை கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுதான் இன்றைய பேச்சின் நோக்கம். பள்ளிக்கூடங்களில் சுகாதாரத்தைப் பற்றியும், பாதுகாப்பைப் பற்றியும், சுற்றுச்சூழலைப் பற்றியும் எத்தனையோ திட்டங்கள் நடக்கின்றன. அவை நல்ல திட்டங்கள். அவற்றை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் புத்திமதி குழந்தைக்கும், குழாய் யாருக்கோ என்று இருந்தால், அந்தத் திட்டம் காகிதத்தில்தான் நிற்கும்.

இரண்டு ஜூலை 16

இன்று என்ன நாள் என்பதை இந்த வட்டாரத்து மக்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 2004ம் ஆண்டு ஜூலை 16ந் தேதி, கும்பகோணம் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் 94 குழந்தைகள் தீயில் கருகி மாண்டார்கள். ஒரே கட்டிடத்தில் மூன்று பள்ளிகள் நடந்து வந்தன. மதிய உணவு சமைத்த கூடத்தில் பிடித்த நெருப்பு, ஓலைக் கூரைக்குத் தாவியது. மேலே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. இறங்கி வரப் போதிய வழி இல்லை; இருந்த படிக்கட்டு குறுகல். கூரை எரிந்து குழந்தைகளின் மேல் விழுந்தது.

அதற்குச் சரியாக ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2013ம் ஆண்டு, அதே ஜூலை 16ந் தேதி, பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட குழந்தைகளில் 23 பேர் மாண்டார்கள். வயலுக்குத் தெளிக்கும் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து சமையல் எண்ணெயில் கலந்திருந்தது. சமையல் சாமான்கள் பள்ளியில் வைக்கப்படவில்லை. தலைமை ஆசிரியையின் வீட்டில் வைக்கப்பட்டிருந்தன. எண்ணெயின் நிறமும் வாடையும் சரியில்லை என்று சமைத்த பெண் சொன்னார் என்றும், அதையே ஊற்றிச் சமைக்கும்படி உத்தரவாயிற்று என்றும் அப்பொழுது பத்திரிகைகளில் செய்தி வந்தது. அந்தப் பெண்ணும் அதே உணவைச் சாப்பிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

தோழர்களே, இங்கே கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். தீ என்றால் ஓடு, கெட்டதைத் தின்னாதே என்று அந்தக் குழந்தைகளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஓடுவதற்கு வழி இல்லை. தட்டில் விழுந்த சோற்றைச் சோதித்துப் பார்க்க ஆள் இல்லை. விழிப்புணர்வு இல்லாததால் அந்தக் குழந்தைகள் சாகவில்லை. விழிப்போடு இருக்கவேண்டிய பெரியவர்கள், பெரிய உத்தியோகஸ்தர்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் செத்தார்கள். ஓலைக் கூரையையும் குறுகிய படிக்கட்டையும் பார்த்துவிட்டுத்தானே அந்தக் கட்டிடத்திற்கு அங்கீகாரம் கொடுத்தார்கள்?

இன்னொன்றையும் கவனியுங்கள். அபாயத்தை முதலில் கண்ணால் பார்ப்பவர் யார்? மந்திரியல்ல, கலெக்டருமல்ல. எண்ணெயின் வாடையை முதலில் அறிகிறவர் சமைக்கிற பெண். கழிப்பறைக் கதவு உடைந்ததை முதலில் பார்க்கிறவர் அதைக் கழுவுகிறவர். பஸ்ஸின் பிரேக் சரியில்லை என்று முதலில் தெரிவது டிரைவருக்கு. சுவர் விரிசலை முதலில் காண்பது அதன் ஓரமாக உட்கார்ந்திருக்கும் குழந்தை. இவர்கள் “கூடாது” என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டா? வேலை போய்விடும் என்ற பயமில்லாமல் அந்தச் சமையல்காரப் பெண் எண்ணெய் டின்னைத் தள்ளி வைக்க முடிந்திருந்தால், 23 உயிர்கள் தப்பியிருக்கும். பள்ளிப் பாதுகாப்பு என்பதன் உயிர்நாடி இதுதான் என்று நாம் கருதுகிறோம்.

சோறு வந்த வரலாறு

பள்ளியில் உணவு என்பது யாரோ ஒருவர் போட்ட பிச்சை என்று சிலர் பேசுகிறார்கள். வரலாறு அப்படியில்லை. 1920ல் சென்னை நகரசபை ஆயிரம்விளக்கில் இருந்த தனது பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்க ஆரம்பித்தது. பணச் சிக்கலால் அது நெடுநாள் நீடிக்கவில்லை. 1956ல், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது மதிய உணவு ஊர் ஊராகப் பரவிற்று. அதில் பொதுமக்கள் கொடுத்த அரிசியும் காய்கறியும் விறகும் உண்டு. 1982 ஜூலை 1ந் தேதி எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் வந்தது. 2001 நவம்பர் 28ந் தேதி, உணவு உரிமை வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஓர் உத்தரவு போட்டது. அரசாங்க ஆரம்பப் பள்ளியிலும் உதவிபெறும் ஆரம்பப் பள்ளியிலும் படிக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், ஆண்டுக்குக் குறைந்தது 200 நாட்கள், 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் வரை புரதமும் உள்ள சமைத்த உணவு தரவேண்டும் என்று சொல்லிற்று. 2022 செப்டம்பர் 15ந் தேதி மதுரையில் காலை உணவுத் திட்டம் ஆரம்பமாயிற்று. மறு ஆண்டு மாநிலம் முழுவதும் அரசாங்க ஆரம்பப் பள்ளிகளுக்கு விரிவடைந்தது.

நூறாண்டுக் காலத்தில் கட்சிகள் மாறின, ஆட்சிகள் மாறின, திட்டம் வளர்ந்தது. பசித்த வயிற்றோடு படிப்பு ஏறாது என்ற உண்மையை ஒப்புக்கொள்ளாமல் எந்த ஆட்சியும் நடக்க முடியவில்லை. ஆனால் சோறு போட்ட கைகளின் கதை என்ன? நாலைந்து தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்ட பெண்கள் காலமுறை ஊதியத்திற்கும் ஓய்வூதியத்திற்கும் தெருவில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. காலை உணவைச் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். அவர்களுக்கு நிரந்தர வேலை என்ற பேச்சே இல்லாமல் அந்தத் திட்டம் ஆரம்பமாயிற்று. நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாத ஒருத்தி, இன்றைக்கு வந்த பருப்பில் புழு இருக்கிறது என்று எப்படித் துணிந்து சொல்வாள்? சத்துணவு ஊழியரின் கோரிக்கையைச் சம்பளக் கோரிக்கை என்று மட்டும் பெற்றோர்கள் நினைத்துவிடக் கூடாது. அது உங்கள் பிள்ளையின் தட்டைப் பற்றிய கோரிக்கை.

மாத்திரையும் கழிப்பறையும்

இனி சுகாதாரத்திற்கு வருவோம். 1909ல் பரோடா நகரத்தில் இந்தியாவிலேயே முதன்முதலாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்தியப் பரிசோதனை நடந்தது. 1960ல் ரேணுகா ராய் அம்மையாரின் தலைமையில் மத்திய சர்க்கார் ஒரு கமிட்டியை நியமித்தது. பள்ளிப் பிள்ளைகளின் உடல்நிலையை ஆராய்ந்து அந்தக் கமிட்டி மறு ஆண்டு அறிக்கை கொடுத்தது. 2013 முதல் டாக்டர்கள் குழு வண்டியில் பள்ளிகளுக்கே வந்து கண், பல், தோல், இருதயம் எல்லாவற்றையும் சோதிக்கும் திட்டம் இருக்கிறது. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று வைத்து அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். இவை அனைத்தும் தேவைதான்.

ஆனால் குடற்புழு எப்படி வருகிறது? கொக்கிப்புழு மலம் கலந்த மண்ணில் வளர்ந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு உடம்பினுள் போகிறது. குடலைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. பிள்ளை சோகை பிடித்து வெளுத்துப் போகிறது. பாடத்தில் மனம் நிற்பதில்லை. மாத்திரை குடலில் உள்ள புழுவைக் கொல்லும். கழிப்பறை இல்லாமல், இருந்தும் தண்ணீரில்லாமல், பிள்ளைகள் மறுபடியும் வாய்க்கால் கரைக்கே போனால், அடுத்த புழு அங்கே காத்துக்கொண்டிருக்கிறது. மாத்திரை ஒரு கை என்றால் கழிப்பறை மறு கை. ஒரு கையால் தட்டினால் ஓசை வராது.

எங்கள் வட்டாரத்தில் ஒரு பள்ளியை நாமே பார்த்தோம். கழிப்பறை கட்டியிருக்கிறார்கள், சுவரில் அழகான படங்கள், கதவில் பூட்டு. ஏன் பூட்டு என்று கேட்டோம். கழுவ ஆளில்லை, தண்ணீரில்லை, திறந்தால் நாறிவிடும் என்றார்கள். பெரிய பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாதத்தில் மூன்று நாள் பள்ளிக்கு வருவதே இல்லை. அந்தச் சுவரிலே, “தினமும் நிறையத் தண்ணீர் குடி” என்று எழுதியிருந்தது!

கழுவ ஆளில்லை என்றால் அடுத்து என்ன நடக்கிறது? இதைச் சொல்ல நமக்கு வெட்கமாக இருக்கிறது. 2022ல் ஈரோடு மாவட்டத்தில் ஒரு பள்ளியில் தலித் குழந்தைகளைக் கொண்டு கழிப்பறையைக் கழுவ வைத்த கொடுமை வெளிவந்தது. தலைமை ஆசிரியை கைதானார். 2018ல் திருப்பூர் மாவட்டத்தில் தலித் பெண் ஒருவர் பள்ளியில் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தகராறு செய்தார்கள். சுத்தம் என்ற சொல்லைச் சாதிவெறி நம் நாட்டில் திருடி வைத்துக்கொண்டிருக்கிறது. யார் கழுவ வேண்டும், யார் சமைக்கக் கூடாது என்று சாதி பார்க்கும் பள்ளியில் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லிக் கொடுத்து என்ன பிரயோஜனம்? எல்லாக் குழந்தைகளும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து, யார் சமைத்தாலும் சாப்பிட வேண்டும். சுகாதாரத்தின் முதல் பாடம் அதுதான்.

மரமும் மண்ணும்

சுற்றுச்சூழல் கல்வி எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயம் என்று 1991ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று. 2001 முதல் தேசியப் பசுமைப் படை என்ற பெயரில் பள்ளிகளில் மன்றங்கள் ஏற்பட்டன. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் சாமான்களுக்குத் தடை வந்தது. பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, “பிளாஸ்டிக் பை வாங்காதே அம்மா” என்று சொல்கிறார்கள். மிகவும் நல்லது.

ஆனால் அம்மா கடைக்குப் போனால் எண்ணெயும் பிளாஸ்டிக் உறையில், மாவும் பிளாஸ்டிக் உறையில், ஷாம்புவும் பிளாஸ்டிக் உறையில்! தயாரிக்கிற முதலாளி லாபம் எடுத்துக்கொள்கிறான்; குப்பை நம் தலையில் விழுகிறது; அதைப் பொறுக்குகிற வேலை குழந்தைகளுக்கு வந்து சேர்கிறது. குழந்தைக்கு ஒழுங்கு கற்றுக்கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதோடு, இந்தக் குப்பை எங்கிருந்து வருகிறது, யாருக்கு லாபம் என்று கேட்கவும் கற்றுக்கொடுங்கள்.

மரம் நடுவதும் அப்படியே. ஜூன் மாதத்தில் கன்று நட்டுப் போட்டோ எடுக்கிறார்கள். மே மாதத்தில் பள்ளி மூடியிருக்கும்போது தண்ணீர் ஊற்றுவது யார்? 2018 நவம்பர் 16ந் தேதி கஜா புயல் வீசியபோது நம் டெல்டா பூமியில் தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். மரம் என்பது பிழைப்பு என்று இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகம் சொல்ல வேண்டியதில்லை. நட்ட கன்றுக்கு வேலி போடவும், கோடையில் தண்ணீர் ஊற்றவும் பஞ்சாயத்து ஓர் ஆளைக் கூலி கொடுத்து வைக்கட்டும். பிறகு பாருங்கள், கன்று மரமாகிறதா இல்லையா என்று.

நம் ஊருக்கு மிகவும் தேவையான ஒரு பாடம் இருக்கிறது. பூச்சிமருந்து டின் காலியானால் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? கழுவிவிட்டு அதில் அரிசி போட்டு வைக்கிறோம், மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கிறோம். எத்தனை கழுவினாலும் விஷம் முழுவதும் போகாது. பீகார் குழந்தைகளின் சாவு நமக்குச் சொல்வது இதைத்தான். காலி டின்னை ஓட்டை போட்டு நசுக்கி, யாரும் மறுபடி உபயோகிக்க முடியாதபடி செய்து, வீட்டுச் சாமான்களிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். மருந்து விற்கிற கம்பெனியே காலி டின்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று விவசாயிகள் சங்கம் கேட்க வேண்டும்.

சட்டம் நம் கையில்

சிலர் கேட்கலாம்: இதெல்லாம் சர்க்கார் செய்ய வேண்டிய காரியம், நாம் என்ன செய்ய முடியும்?

2009ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் அது அமுலில் இருக்கிறது. எல்லாப் பருவத்தையும் தாங்கும் கட்டிடம், பத்திரமான குடிதண்ணீர், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை, சமையல் கூடம், விளையாட்டு மைதானம், சுற்றுச்சுவர் அல்லது வேலி ஆகியவை ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. கும்பகோணம் தீ விபத்தை ஒட்டிப் போடப்பட்ட வழக்கில், 2009 ஏப்ரல் 13ந் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. பத்திரமான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையின் ஒரு பகுதி என்றும், தீயணைக்கும் கருவி வேண்டும், அதை இயக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்றும் அது கூறியது. தீ விபத்து வழக்கில் கீழ்க் கோர்ட்டில் தண்டனை வருவதற்கோ 2014 ஜூலை 30 வரை பத்தாண்டுகள் ஆயின. அந்தப் பத்தாண்டுகளும் கோர்ட்டு வாசலில் நின்ற பெற்றோர்கள் ஏழைகள்.

அதே சட்டத்தின் 21வது பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கப்பட வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள். பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் பொறுப்பு அந்தக் குழுவுக்கு உண்டு. ஆனால் நோட்டில் கையெழுத்து வாங்குவதோடு குழுவின் வேலை எத்தனையோ இடங்களில் முடிந்துவிடுகிறது. கூலி வேலைக்குப் போகிற தாயை மத்தியானத்தில் கூட்டத்துக்கு அழைத்தால் அவள் எப்படி வருவாள்? ஒரு நாள் கூலியை இழந்துவிட்டு வரச் சொல்வது ஜனநாயகமா?

அரசாங்க உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்த 21வது பிரிவு இல்லை. கட்டணம் வாங்குகிற பள்ளியில் கேள்வி கேட்கப் பெற்றோருக்குக் குழு இல்லை! 2012 ஜூலையில் தாம்பரத்துக்கு அருகில், ஒரு பள்ளி பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி சாலையில் விழுந்து மாண்டாள். அந்த பஸ் சில வாரங்களுக்கு முன்புதான் தகுதிச் சான்றிதழ் வாங்கியிருந்தது. அதற்குப் பிறகுதான், அதே ஆண்டில், பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. ஓலைக் கூரைகள் அகற்றப்பட்டதும் 94 குழந்தைகள் மாண்ட பிறகுதான். ஒவ்வொரு விதியும் ஒரு குழந்தையின் பிணத்தின் மேல் எழுதப்பட வேண்டுமா?

நமது குறையும் உண்டு

தோழர்களே, பிறரைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 16ந் தேதி நாம் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம், அஞ்சலி செலுத்துகிறோம். ஜூலை 17ந் தேதி என்ன செய்தோம்? இந்தப் பள்ளியின் மோட்டார் இருபது நாளாகக் கெட்டுக் கிடந்ததை, இந்த ஊரில் கிளை வைத்திருக்கும் நமது கட்சி மூன்றாவது படிக்கும் குழந்தை சொல்லித்தான் தெரிந்துகொண்டது. இது நமது தவறு. நிலத்துக்கும் கூலிக்கும் போராடத் தெரிந்த நமக்கு, பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. அந்தப் பள்ளியில் படிப்பது அந்த விவசாயத் தொழிலாளியின் பிள்ளைதானே?

ஆகவே இந்தக் கூட்டம் வெறும் பேச்சோடு கலைந்துவிடக் கூடாது. கீழ்க்கண்ட காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம்:

முதலாவது, மேலாண்மைக் குழுக் கூட்டத்தை வேலை முடிந்த பின் மாலையில் நடத்தும்படி கேட்போம். நடந்தால் தவறாமல் போவோம்.

இரண்டாவது, மாதம் ஒரு முறை பெற்றோர்கள் நான்கு பேர், ஊழியரோடும் ஆசிரியரோடும் சேர்ந்து சமையல் கூடம், சாமான் அறை, குழாய், கழிப்பறை, மாடிப்படி, மின்சாரக் கம்பி ஆகியவற்றைச் சுற்றிப் பார்ப்பது. கண்டதை எழுதி வைப்பது.

மூன்றாவது, சமைக்கிற பெண், “இந்தச் சாமான் ஆகாது” என்று சொன்னால் அன்றைக்கு அந்தச் சாமான் சமைக்கப்படக் கூடாது. அதற்காக அவர் மேல் கை வைத்தால், ஊரே அவர் பக்கம் நிற்கும் என்று இன்றே சொல்லிவிடுவோம்.

நான்காவது, துப்புரவு வேலைக்கு ஆளும், ஆளுக்கு முறையான சம்பளமும் கேட்டு மகஜர் கொடுப்போம். எந்தக் குழந்தை கையிலும் கழிப்பறைத் துடைப்பம் இருக்கக் கூடாது.

ஐந்தாவது, மோட்டார். நாளைக் காலை பத்து மணிக்கு ஒன்றிய ஆபீசுக்குப் போகிறோம். வரக்கூடியவர்கள் எல்லோரும் வாருங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களை எதிரியாக நினைத்து நாம் வரவில்லை. இரண்டு பேர் ஐந்து வகுப்புகளைப் பார்த்துக்கொண்டு, ஊர்வலமும் நடத்தி, போட்டோவும் அனுப்பி, புள்ளி விவரமும் எழுதிக்கொண்டிருக்கிற உங்கள் கஷ்டம் நமக்குத் தெரியும். குழாயில் தண்ணீர் வந்தால் உங்கள் பாடம் பிள்ளைகளின் மனத்தில் நிற்கும். அதற்குத்தான் நாம் உதவி செய்ய வந்திருக்கிறோம்.

அந்தக் குழந்தைக்கு நாம் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: “நீ கேட்டது சரியான கேள்வி, அம்மா. கேட்டுக்கொண்டே இரு. தண்ணீர் கொண்டுவருவது எங்கள் வேலை.” 94 குழந்தைகளுக்கும், பீகாரில் மாண்ட 23 குழந்தைகளுக்கும் நாம் செலுத்தும் அஞ்சலி, நாளைக் காலை பத்து மணிக்கு ஆரம்பமாகட்டும்.